கீழ்ப்படிதலும் ஆசீர்வாதமும்

நம் திருச்சபைகளில் ஆண்டு முழுதும் நிகழும் பிரசங்கங்களைத் தொகுத்து நோக்குவார் உளராயின், அவற்றுட் பெரும்பகுதி ஒரே வாக்கியத்துள் அடங்கக் காண்பர். தேவனுக்குக் கீழ்ப்படி, ஆசீர்வாதம் பெறுவாய் என்பதே அவ்வாக்கியம். இது பொய்யன்று. ஆனால் கேட்போர் பலருடைய உள்ளத்தில் இது கடைத்தெருப் பேச்சாகவே சென்று பதிகின்றது. இத்தனை முதல் வைத்தால் இத்தனை வட்டி என்பது போல, இத்தனை ஜெபம், இத்தனை காணிக்கை, இத்தனை ஒழுக்கம் என ஒருபுறம் எழுதி, மறுபுறத்தில் பரீட்சைத் தேர்ச்சி, உத்தியோகம், நல்ல சம்பந்தம் என வரவு வைத்துக் கொள்கின்றோம். பரீட்சை நெருங்குங்கால் கலாசாலை ஜெபக்கூடங்களில் இடங்கிடைப்பது அரிது. பரீட்சை முடிவு வெளிவந்தபின் தேறினவன் எழுந்து சாட்சி கூறுவான். தேறாதவனோ பின்வரிசையிலமர்ந்து, தான் எந்தக் கட்டளையை மீறினான் என்று தன்னுள் தேடிக்கொண்டிருப்பான். அம்மாணாக்கன் பொருட்டே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம்.

உபாகமம் 28ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டி, ஆசீர்வாதங்கள் அங்கே வரிசையாகக் கூறப்பட்டிருக்கின்றனவே என்பார் உளர். உண்மையே. முதற் பதினான்கு வசனங்கள் ஆசீர்வாதங்களையும், எஞ்சிய ஐம்பத்து நான்கு வசனங்கள் சாபங்களையும் கூறுகின்றன. ஆயின் அவ்வதிகாரம் யாரை நோக்கிக் கூறப்பட்டது? தனக்கெனப் பலன் நாடும் ஒரு தனி மனிதனை நோக்கியன்று. புதியதொரு தேசத்துட் புகவிருந்த ஒரு ஜனத்தை நோக்கியாம். அந்த ஜனம் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் பரதேசிக்கும் நியாயஞ் செய்யவேண்டுமென்னும் பிரமாணத்தோடு சேர்த்தே அவ்வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்டது. நீதி வழங்கும் நாட்டில் களஞ்சியம் நிறைவதும், ஏழையை ஒடுக்கும் நாடு தேய்ந்தழிவதும் சரித்திரங் கண்ட உண்மைகளே. இதனை ஒரு மனிதனுக்குரிய கணக்காகத் தலைகீழாக்கி, துன்பப்படுகிறவன் கீழ்ப்படியாதவனே என்று முடிவு கட்டியவர் யோபுவின் நண்பர் மூவர். அந்நூலின் முடிவில் தேவனுடைய கோபம் யோபின்மீது மூளவில்லை, அம்மூவர்மீதே மூண்டது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷரும் இது யார் செய்த பாவமென்று வினவினர். ஆண்டவர் அவ்வினாவையே தள்ளிவிட்டார். எனவே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணாக்கன் தன் தேடலை நிறுத்திவிடலாம். அவன் பாடம் படிக்காமலிருந்திருந்தால் அது வேறு காரியம்!

இனிக் கீழ்ப்படிதல் என்பது யாதென ஆராய்வாம். எபிரெய மொழியில் இதற்கென்று தனிச்சொல் இல்லை. கேட்டலைக் குறிக்கும் ‘ஷாமா’ என்னும் வினையே கீழ்ப்படிதலையுங் குறிக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் கேட்டல் என்னும் அடியிலிருந்தே பிறந்தது. இவ்வுண்மையை அறிய நாம் அம்மொழிகளைக் கற்கவேண்டுவதில்லை. நம் இல்லங்களில் தாய்மார் வழங்கும் தமிழே போதும். சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை என்று ஒரு தாய் கூறுங்கால் அப்பிள்ளையின் செவிப்புலனையோ அவள் புகழ்கின்றாள்? சொன்னபடி செய்கிறான் என்பதன்றோ அவள் கருத்து? மேலும், நம் மொழியிற் கேட்டல் என்பது வினவுதலையும் குறிக்கும். ஒரே சொல்லுள் செவிகொடுத்தலும், வினவுதலும், சொற்படி நடத்தலும் அமைந்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தேவதூதன் வார்த்தையைக் கேட்ட மரியாள், இது எங்ஙனங் கூடுமென்று வினவியபின்னரே தன்னை ஒப்புக்கொடுத்தாள். சோதோமைக் குறித்து ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்து வரை இறங்கி இறங்கித் தேவனோடே வழக்காடினான். அவனையே விசுவாசிகளின் தகப்பன் என்கிறோம். ஆகலின், வினாவெழுப்பும் மாணாக்கனைக் கீழ்ப்படியாதவன் என்று வாயடைப்பது வேதத்தின் வழக்கமன்று.

கீழ்ப்படிதலின் இயல்பை விளக்க வேதம் எடுத்தாண்ட உவமைகளுள் மிகச் சிறந்தது மண்ணும் குயவனும் என்பது. இவ்வுவமையை நன்கு உணர விரும்புவார் வேப்பூர், விருத்தாசலம் பக்கம் ஒருமுறை சென்று வருவது நலம். கடலூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடமே வேப்பூர். அங்கிருந்து கிழக்கே சென்றால், மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலாற் புகழ்பெற்ற விருத்தாசலம். இந்நகர் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அக்கலையைக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் அங்குண்டு.

பீங்கான் செய்யும் முறையைக் கூர்ந்து நோக்குவார்க்கு எரேமியாவின் நூல் புதுப்பொருள் தரும். மண்ணை முதலில் நீரிற் கரைத்து வடித்துக் கல்லும் கசடும் நீக்குவர். வெண்களிமண்ணோடு அரைத்த வேறு கற்பொடிகளையுங் கலந்து பதமாக்குவர். அச்சில் வார்க்கவேண்டிய பொருளாயின், மண்குழம்பைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் உட்சுவரிற் படிந்து உருவங்கொள்ளும். நிழலிற் பையப் பைய உலர்த்துவர். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். இதுவரை செய்த எதிலும் பழுது நேரின் நட்டமில்லை. உடைத்து நீரிலிட்டால் மண் மீண்டும் மண்ணே. பின்னர்ச் சூளையேற்றுவர். வெப்பம் ஏறத்தாழ 600 பாகை சென்டிகிரேடை எட்டுவதற்குள், களிமண்ணின் உள்ளமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடும். அதன்பின் எத்துணை நீரில் ஊறவைத்தாலும் அது பிசையும் மண்ணாக மாறாது. நற்பீங்கானுக்கோ 1,200 பாகைக்கு மேலும் வெப்பம் வேண்டும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்று நம்மவர் வழங்கும் பழமொழி இத்தொழிலினின்றே எழுந்தது.

எரேமியாவின் 18ஆம் அதிகாரத்தைப் பலரும் அறிவர். தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறான். சக்கரத்தில் வனையப்படும் பாண்டம் குயவன் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவன் அதை எறிந்துவிடவில்லை. அதே மண்ணைத் திரும்பப் பிசைந்து தனக்கு நலமெனத் தோன்றிய வேறொரு பாண்டமாக வனைகிறான். இதனோடு பிரசங்கிமார் நிறுத்திவிடுவர். அடுத்த அதிகாரத்தைச் சேர்த்து வாசிப்பார் சிலரே. 19ஆம் அதிகாரத்தில் அதே தீர்க்கதரிசி ஒரு மண்கலசத்தை விலைக்கு வாங்கி, ஊர் மூப்பர்முன் அதனை உடைத்துப் போடுகிறான். அது மறுபடி செப்பனிடக் கூடாதது என்கிறான். முன்னது பச்சை மண். பின்னது சுட்ட மண். இவ்விரண்டுக்கும் நடுவே நிகழ்ந்தது யாது? தேவன் தம் கைவன்மையை இழந்தாரல்லர். அந்த ஜனம் கேளாமலே இருந்து இருந்து இறுகிப்போயிற்று. நாங்கள் எங்கள் எண்ணப்படியே நடப்போம் என்னுங் கருத்துப்பட அவர்கள் 18ஆம் அதிகாரத்திலேயே மறுமொழி கூறிவிட்டனர். கீழ்ப்படிதல் என்பது மண் உருவமாவதன்று, மண் ஈரமாயிருப்பதே. பிசையத்தக்க நிலையில் இருப்பதே அதன் வேலை. மற்றையது குயவன் வேலை.

இதைக் கூறிய எரேமியாவுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் யாது? வாலிபப் பருவத்தில் அழைக்கப்பட்டு, தனக்குப் பேசத் தெரியாதென்று தயங்கி, பின் கீழ்ப்படிந்தவன் அவன். கலசத்தை உடைத்த அன்றே அடிபட்டுத் தொழுமரத்தில் மாட்டப்பட்டான். விவாகஞ் செய்யவில்லை. பின்னொரு நாள் நீரற்ற துரவிலே இறக்கப்பட்டுச் சேற்றில் அமிழ்ந்தான். எத்தியோப்பியன் ஒருவன் கந்தைத் துணிகளைக் கயிற்றோடு இறக்கித் தூக்கிவிட்டிராவிடின் அங்கேயே மாண்டிருப்பான். இறுதியில் தான் போகவேண்டாமென்று தடுத்த எகிப்துக்கே அழைத்துச் செல்லப்பட்டான். கடைத்தெருக் கணக்கின்படி பார்த்தால் இவன் முதலே இழந்தவன்.

ஆதலின் ஆசீர்வாதம் என்னுஞ் சொல்லையும் நாம் மீண்டும் ஆராயவேண்டியவராகின்றோம். ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் ஆபிராமுக்குரைத்த வாக்கில் அவன் ஆசீர்வதிக்கப்படுவான் என்பது பாதியே. அவன் ஆசீர்வாதமாய் இருப்பான் என்பதும், பூமியின் வம்சங்களெல்லாம் அவனாற் பயன்பெறும் என்பதும் மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியே பெரிது. ஆபிராம் கீழ்ப்படிந்து புறப்பட்டான். தேசம் முழுதும் உனக்கென்று கூறப்பட்ட அவன், மனைவி இறந்தபோது அவளை அடக்கஞ் செய்ய ஒரு குகையும் நிலமும் நானூறு சேக்கல் வெள்ளி கொடுத்து விலைக்கு வாங்கவேண்டியதாயிற்று. வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவனுக்குச் சொந்தமானது அக்கல்லறை நிலம் ஒன்றே. ஆயினும் அவனை ஆசீர்வாதம் பெறாதவன் என்று யாரும் கூறார். குடம் நீரைப் பருகுவதில்லை; குடத்தின் வழியாக ஊர் பருகுகின்றது.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் கானான் நாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை. வேப்பூர் வழிச் செல்லும் அப்பெருஞ்சாலையிலேயே வடக்கு நோக்கி உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் கடந்து செல்வோமாயின் திண்டிவனத்தை அடைவோம். அந்நாளில் வேப்பூரும் திண்டிவனமும் ஒரே தென்னாற்காடு ஜில்லாவுக்குட்பட்டவை. திண்டிவனத்து மிஷன் பங்களாவொன்றில் 1890ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஓரிரவு நிகழ்ந்ததை நம் நாட்டுக் கிறிஸ்தவர் பலரும் கேட்டிருப்பர். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டமையாலேயே அதன் கூர்மை மழுங்கிப்போயிற்றென்று அஞ்சுகிறோம்.

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். அவர் பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் மருத்துவத் தொண்டு தொடங்கியவர். தந்தையாரும் மருத்துவ மிஷனரி. அக்குடும்பத்தில் இத்தொண்டு குலத்தொழில் போலாயிற்று. ஆனால் ஐடாவுக்கு அதில் விருப்பமில்லை. குழந்தைப் பருவத்தில் 1877–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தைக் கண்ணாற் கண்ட அவர், இந்நாட்டிற் காலமெல்லாம் வாழ்வதில்லையென்று துணிந்திருந்தார். அமெரிக்காவிற் படித்துக்கொண்டிருந்தபோது அன்னையார் நோயுற்றமையால் 1890-இல் திண்டிவனம் வந்தார். அன்னையைக் கவனித்துவிட்டுத் திரும்பிச் செல்வதே அவர் எண்ணம்.

அவ்விரவில் ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் உயர்குடி இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் ஐடாவையே அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், மருத்துவரான தம் தந்தையார் வருவாரென்றும், தாமும் உடன் வந்து உதவுவதாகவும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியரைப் பார்ப்பதற்கு அவர்கள் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. மூவரும் வந்தபடியே திரும்பினர். விடிந்தபோது தெருவில் பறையொலி கேட்டது. விசாரித்து வரச் சொன்னார். மூன்று பெண்களும் இறந்துபோயினர் என்னுஞ் செய்தி வந்தது.

இங்கு இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஐடாவுக்கு வானத்திலிருந்து சத்தம் எதுவும் உண்டாகவில்லை. அவர் கேட்டதெல்லாம் மூன்று கணவன்மாரின் கெஞ்சுதலும், காலையிற் பறையொலியுமே. அவற்றுள் தேவனுடைய அழைப்பை அவர் கேட்டார். தேவசித்தம் எதுவென்று அறியாமல் திகைப்பதாகக் கூறும் நண்பர்கள், தங்கள் கதவைத் தட்டுவோர் யாரென்று பார்ப்பாராக. இரண்டாவது, அம்மூன்று பெண்களும் இறந்தே போயினர். பின் எழுந்த எந்த வைத்தியசாலையும் அவர்களை மீட்கவில்லை. இவர் அழைக்கப்படுவதற்காகவே அவர்கள் மாண்டனர் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அது கொடிய பேச்சு. ஒருவர் ஊழியத்துக்குப் புறப்பட மூன்று தாய்மாரை விலையாகக் கேட்கும் தேவனை நாம் அறியோம்.

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். முதலிற் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளிக்கத் தொடங்கியபோது அங்குச் சென்று 1899-இல் பட்டம் பெற்றார். (பெண் மருத்துவம் கற்பதைத் தடுக்கும் வழக்கம் திண்டிவனத்துக்கு மட்டும் உரியதன்று போலும்!) ஷெல் என்னும் பெயருடைய வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலருடன் 1900-இல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களுக்குள் தந்தையார் காலமானார். அருகிருந்து தொழில் கற்பிப்பார் என்று நம்பியிருந்த துணை நீங்கிற்று. கீழ்ப்படிந்து வந்தவருக்குக் கிடைத்த முதற் பரிசு இதுவே. 1902-இல் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஒருவராக எத்தனை பேரைக் காப்பது என்னுங் கவலையால், இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்கத் துணிந்தார். சென்னை மாகாண மருத்துவத்துறைத் தலைவர், ஆறு பெண்கள் கிடைத்தால் தொடங்குங்கள் என்றார். 1918-இல் 151 பேர் விண்ணப்பஞ் செய்தனர். அவ்வகுப்பினின்று 1922-இல் இறுதித் தேர்வெழுதியவர் 14 பேர். 14 பேரும் தேறினர்.

இதனோடு கதையை முடித்திருந்தால் அது கடைத்தெருக் கணக்குக்கும் பொருந்தியிருக்கும். ஆனால் முடியவில்லை. மருத்துவச் சான்றிதழ்ப் படிப்புகளை நீக்கிப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பே வேண்டுமென்று அரசாங்கம் விதித்தபோது, பெண்களுக்கென்றே அமைந்த அப்பள்ளி மூடப்படும் நிலைமை வந்தது. அதற்கு வேண்டிய பொருளும் ஆசிரியரும் தனித்துக் கிடைப்பது அரிது. பல மிஷன்கள் கூடி ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக் கற்பித்தாலன்றி வழியில்லை. அமெரிக்காவில் அதுகாறும் பொருளுதவி செய்துவந்த பெண்மணிகளுட் சிலர், அவருக்கு நெடுநாள் நெருங்கிய நண்பராயிருந்தவர் உட்பட, இதனை வன்மையாக எதிர்த்தனர். பெண்களுக்கென்று தந்த பொருளை ஆண்களுக்குப் பங்கிடலாமோ என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் நியாயமில்லாமலில்லை. தம் வாழ்நாளெல்லாம் கட்டியதன் உருவத்தையே மாற்றவேண்டிய நிலையில், எழுபது வயதைக் கடந்திருந்த ஐடா மாற்றத்துக்கு இசைந்து, உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று, 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். குயவன் கையில் வேறொரு பாண்டமாக வனையப்பட்ட மண் என்று எரேமியா கூறியது இதனையே. இளமையில் ஒருமுறை கீழ்ப்படிதல் எளிது என்றே தோன்றுகிறது. அக்கீழ்ப்படிதலின் பயனாய் விளைந்ததையே முதுமையிற் குயவன் கையில் திரும்பக் கொடுப்பதன்றோ அரிது! ஐடா 1960ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் கொடைக்கானலிற் காலமானார். வேலூர்க் கல்லூரியால் உயிர் பிழைத்தோரும் அங்குக் கற்றோரும் எத்துணையர் என்று கணக்கிடல் இயலாது. அம்மூன்று கணவரும் தட்டிய கதவு இன்னும் திறந்தே இருக்கின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கீழ்ப்படிதல் என்னும் பெயரால் மனிதர் மனிதரை அடக்கியாள்வதும் உண்டு. தேவனுக்குக் கீழ்ப்படி என்று கூறுவோர் சிலர், எனக்குக் கீழ்ப்படி என்பதையே கருதுவர். சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியிற் கரையிறங்கியது டென்மார்க்கு அரசன் நான்காம் பிரெடரிக்கின் ஆணையால். அவரை 1708-இல் சிறையிலடைத்து நான்கு மாதம் வைத்திருந்தவரும் அதே அரசனுடைய தளபதியே. தளபதிக்குப் பணிந்திருந்தால் சிறை இல்லை. 1715-இல் தமிழில் அச்சேறிய புதிய ஏற்பாடும் இல்லாதிருந்திருக்கும். அவர் 1719-இல் முப்பத்தாறு வயதில் மாண்டார். மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே கடமையென்று ஆலோசனைச் சங்கத்தின்முன் அப்போஸ்தலர் உரைத்ததை நாம் மறத்தலாகாது. ஆயினும் இவ்வாக்கியத்தைச் சொந்தப் பிடிவாதத்துக்குக் கேடயமாக்குவாரும் உளர். சவுல் அரசன் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டு, பலியிடுவதற்கே வைத்தேன் என்றான். சாமுவேலோ பலியைவிடச் செவிகொடுத்தலே மேலென்று மறுத்தான். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? யாருக்கு நட்டம் என்று பார்த்தாற் பெரும்பாலும் விளங்கிவிடும். சீகன்பால்குவின் கீழ்ப்படிதலால் நட்டமடைந்தவர் அவரே. சவுலின் ‘கீழ்ப்படிதலால்’ அவன் மந்தை பெருகிற்று.

கிறிஸ்துவானவரும் பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது எபிரெயர் நிருபம். கெத்செமனேயிற் பாத்திரம் நீங்கவேண்டுமென்று அவர் மும்முறை வேண்டினார். நீங்கவில்லை. குமாரனுடைய ஜெபமே கேட்டபடி கிடைக்கவில்லையெனின், பரீட்சையில் தவறின மாணாக்கனுடைய ஜெபம் தள்ளுண்டதென்று கூற நமக்கு என்ன அதிகாரம்? குமாரன் கீழ்ப்படிந்தார், ஆசீர்வாதம் நமக்கு வந்தது.

இறுதியாக, லூக்கா 5ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை நோக்குவோம். இராமுழுதும் பாடுபட்டு ஒரு மீனும் அகப்படாத பேதுரு, வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். மீன்பிடித் தொழிலறியாத ஒரு தச்சர் ஆழத்திலே வலை போடச் சொன்னார். பேதுரு முதலில் தன் தொழிலனுபவத்தை எடுத்துக் கூறினான். பின் அவர் சொல்லுக்காக வலையை இறக்கினான். வலைகள் கிழியுமளவுக்கு மீன்கள். இரண்டு படகுகளும் அமிழத்தக்கதாயின. நம் பிரசங்கங்களிற் பல இவ்விடத்தோடு நின்றுவிடும். லூக்கா நிற்கவில்லை. படகுகளைக் கரையிற் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாவற்றையும் விட்டு அவர்பின் சென்றார்கள் என்று எழுதுகிறார். வாழ்நாளிற் கண்டறியாத அம்மீன்கள் கரையிலேயே கிடந்தன. அவற்றைப் பேதுரு விற்கவில்லை. கரையில் அன்று கூடியிருந்தோர் திரளானவர்.